இரைப்பைக் கட்டியை எண்டோஸ்கோபியில் எடுத்தாச்சு, ரத்தக்கசிவுக்கு எத்தனை நாள் கவனம் வேணும்?

கெடிலக்கரை (கேள்வி)

அப்பாவுக்கு 67 வயது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில், ஆன்ட்ரத்தில், 3.5 செ.மீ. ஆரம்பநிலைப் புற்றுக்கட்டி. புதுச்சேரியில் எண்டோஸ்கோபி வழியாகவே உரித்தெடுக்கும் இ.எஸ்.டி. முறையில் எடுத்தார்கள். இன்று நாலாம் நாள், கடலூர் வீட்டுக்கு வந்துவிட்டோம். 14 மாதம் முன்பு இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் இளக்க இரண்டு மாத்திரை: ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. 7 நாள் முன்பே நிறுத்தியிருந்த குளோபிடோக்ரெல் 75-ஐ, கட்டி எடுத்த இரண்டாம் நாள் திரும்ப ஆரம்பித்தாயிற்று. நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலும் சாப்பிடுகிறார். இனி கசிய எவ்வளவு வாய்ப்பு? எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்?

குடல்நோய் மருத்துவர், புதுச்சேரி

இ.எஸ்.டி.யில் கட்டியைச் சுற்றிக் கீறி, சளிச்சவ்வோடு அதற்கு அடியிலுள்ள அடுக்கையும் உரித்து எடுக்கிறோம். அதனால் கட்டியைவிடப் பெரிய புண் நிற்கும்; ஆற சுமார் 8 வாரம் ஆகும். புண்ணின் தரையில் தெரியும் ரத்தக்குழாய்களை அப்போதே இடுக்கியால் பிடித்துச் சுட்டுவிடுவோம். ஆனால் சுட்ட பொருக்கு உதிரும்போதோ, அமிலம் ரத்தக்கட்டைக் கரைக்கும்போதோ குழாய் மறுபடி திறக்கலாம். பொதுவாக முதல் 2 நாள்தான் அதிகக் கவனம். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஒரு வாரம் தாண்டியும் நீளும்.

ஜப்பானில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து உருவாக்கிச் சரிபார்த்த, கசியும் வாய்ப்பைக் கணக்கிடும் பெஸ்ட்-ஜே மதிப்பெண் இதற்கு உதவும். அப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம்: ஆஸ்பிரினுக்கு 1, குளோபிடோக்ரெலுக்கு 2, அதை இடையில் நிறுத்தியதால் 1 கழியும், கட்டி 30 மி.மீ.க்கு மேல் என்பதால் 1, கீழ்ப்பகுதி என்பதால் 1. மொத்தம் 4. அந்த ஆய்வில் 3-4 பெற்றவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குக் கசிந்தது. 0-1 பெற்றவர்களுக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. பயந்து நடுங்க வேண்டிய எண் இல்லை, அசட்டையாக விடக்கூடிய எண்ணும் இல்லை.

தினம் 75 மி.கி. வீதம் ஆரம்பித்தால் குளோபிடோக்ரெலின் முழு வேகம் ஏற 3 முதல் 7 நாள் பிடிக்கும். ஆகவே கவனமாக இருக்க வேண்டிய வாரம் இப்போதுதான் தொடங்குகிறது. இரண்டு வாரம் முடியும்வரை வெளியூர்ப் பயணமும் பளு தூக்குவதும் வேண்டாம்.

பயத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது கசிவைவிட மோசம். அதே சமயம் 14 மாதம் ஆகிவிட்டது. இரண்டு மாத்திரையும் இன்னும் தேவையா என்று இதய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பலருக்கு 12 மாதத்துக்குப் பிறகு ஒன்றே போதும். பதிலை எழுதி வாங்கி, எண்டோஸ்கோபி செய்தவரிடமும் காட்டுங்கள்.

மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்

டாக்டர் சொன்னதோடு மருந்துக் கடைப் பக்கம் இருந்து சில விஷயம். அமிலம் குறைக்கும் மாத்திரை பான்டோப்ரசோலோ ரபேப்ரசோலோவா என்று பாருங்கள். ஓமேப்ரசோல், ஈசோமேப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெல் வேலை செய்வதைக் குறைக்கும். சீட்டில் அவை இருந்தால் எழுதியவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வயிறு வலிக்கவில்லையே என்று பத்து நாளில் விட்டுவிடக் கூடாது.

பெரிய ஆபத்து முட்டிவலி, முதுகுவலி என்று தெருமுனை கிளினிக்கில் போடும் டைக்லோஃபெனாக் ஊசி. ஊசிதானே, வயிற்றுக்குள் போகவில்லையே என்று நினைப்பது தவறு. ரத்தம் வழியாகவே போய் இரைப்பைச் சவ்வின் பாதுகாப்பைக் குறைத்துவிடும். அதே வகை வலி மருந்தான அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த அட்டையைக் காய்ச்சல் மாத்திரை என்று வாங்கிவிடுகிறார்கள், பின்பக்கம் படியுங்கள். வலிக்குத் தனிப் பாராசிட்டமால் மட்டும்.

எண்டோஸ்கோபி செவிலியர், வில்லியனூர்

தார் போல ஒட்டும், பளபளக்கும், தனி வாடை வீசும் கறுப்பு மலம் ஒருமுறை போனாலே கிளம்புங்கள். காப்பித்தூள் மாதிரி வாந்தி, ரத்த வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை இவையும் அதே கணக்குத்தான். மெட்டோப்ரோலால் சாப்பிடுபவருக்கு ரத்தம் போனாலும் நாடி 100-ஐத் தாண்டாமல் இருக்கலாம், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். முதல் சில மணி நேரம் ஹீமோகுளோபினும் குறையாமலே காட்டும். லேபில் 'நார்மல்' வந்ததென்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

தலைசுற்றலோ ரத்த வாந்தியோ இருந்தால் பைக்கில் புதுச்சேரிக்குக் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐ அழைத்து மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய், டிரிப் லைன் போட்டு, நிலைமை தேறிய பிறகு மாற்றலாம். இரவில் எண்டோஸ்கோபி நடக்குமா, யாரைக் கூப்பிடுவது என்று உங்கள் மருத்துவமனையில் இன்றைக்கே கேட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். கிளம்பும்போது சாப்பிட எதுவும் தராதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, புண்ணின் படம், மாத்திரை அட்டைகள், ரத்தப் பிரிவு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். புண்ணில் உலோகக் கிளிப் போட்டிருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பா இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். அதனாலும் கறுப்பாகத்தானே போகும், எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

எண்டோஸ்கோபி செவிலியர், வில்லியனூர்

இரும்புச்சத்தால் வருவது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ரத்தம் என்றால் கழிவறைப் பீங்கானில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் செம்பழுப்பாகக் கரையும். ஆனால் இந்த இரண்டு வாரத்துக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு இரும்பு மாத்திரையைத் தள்ளிப்போடுங்கள்.