குழந்தை உடைத்த பொருளுக்கு யார் பணம் கொடுப்பது?

கொலு_செல்வி
ஹைஃபா ஜாடிக் கதையை இன்னும் பலர் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்துக்கு வந்த நான்கு வயதுப் பையன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஜாடியை இழுத்தான். 3,500 வருடம் பழமையான ஜாடி விழுந்து உடைந்தது. அருங்காட்சியகம் கோபப்படவில்லை. அந்தக் குடும்பத்தையே மறுபடி அழைத்துச் சுற்றிக் காட்டியது. ஜாடியையும் ஒட்டிவிட்டார்கள்.

நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் பகிர்கிறவர்கள் எல்லோரும் "குழந்தைதானே, எல்லாரும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்" என்று எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை போடுகிறேன். தசாவதார செட்டில் வாமனர் கை முறிந்தால் மீதி ஒன்பது பேரையும் யாரும் வாங்க மாட்டார்கள். தனியாக ஒரு வாமனரை வாங்கி வைக்கலாம் என்றால், அச்சு ஒன்றாக இருந்தாலும் வண்ணம் ஒத்துப்போகாது. பீதாம்பரத்தின் மஞ்சள் ஒரு சாயல் மாறினாலும் வாங்க வருகிற மாமிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆக, ஒரு பிள்ளை ஒரு பொம்மையைத் தட்டிவிட்டால் எனக்குப் போவது ஒரு முழு செட். அதுவும் கடனுக்கு எடுத்த சரக்கு. "ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அம்மா நகர்ந்துவிடுகிறார்.

பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். லாபத்தை விட்டுவிடுகிறேன், அடக்க விலையாவது கொடுங்கள்.

இரண்டுவாலு_அம்மா
செல்வி அக்கா, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்கிற "பெற்றோர்தான்" என்ற ஒற்றைச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 2022 மே மாதம், ஹாங்காங் மோங் கோக்கில் உள்ள லாங்ஹாம் பிளேஸ் மாலில் ஒரு பொம்மைக் கடை. வாசலோரம் 1.8 மீட்டர் உயரத்தில் தங்க நிற டெலிடப்பி பொம்மை. சிறுவன் ஒருவன் அருகில் நிற்க, அது விழுந்து நொறுங்கியது. பையன் உதைத்துவிட்டான் என்று கடையில் சொன்னதை நம்பி, அப்பா 33,600 ஹாங்காங் டாலர் கட்டிவிட்டு வந்தார். அப்புறம் கண்காணிப்புக் கேமரா காட்சி வெளியே வந்தது. யாருக்கோ வழிவிடுவதற்காகப் பையன் பின்னால் நகர்ந்து லேசாகச் சாய்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஊரே கொதித்த பிறகுதான் கடை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அந்தக் காட்சி கிடைக்காமல் போயிருந்தால்? ஐந்து வயதுப் பிள்ளை "நான் உதைக்கல" என்று அழுதிருப்பான், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எனக்கு நாலரை வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று. கடைவீதியில் ஒன்றைத் தூக்கினால் மற்றது ஓடும். லேசாகச் சாய்ந்தாலே விழுகிற பொருளை ஆள் நடக்கிற இடத்தில் வைத்தவருக்குப் பொறுப்பே இல்லையா?

கறார்_கந்தசாமி
அம்மா, அந்த ஹாங்காங் அப்பா அப்போது கடைக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஷாங்காய் கண்ணாடி அருங்காட்சியகத்தில் நடந்து 2016-ல் செய்தியானதையும் பாருங்கள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சிறகுகளை இரண்டு பிள்ளைகள் பிடித்து இழுக்கிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் தடுக்கவில்லை, போனில் படம் எடுக்கிறார்கள். சிறகு உடைந்தது. கலைஞர் அதை அப்படியே விட்டு, "உடைந்தது" என்று பெயரை மாற்றி வைத்தார். அதில் பிள்ளைகளின் குற்றம் என்ன இருக்கிறது? நூற்றுக்கு நூறு பெரியவர்கள் குற்றம். இன்று எந்தக் கடைக்கு, எந்தக் கோயிலுக்குப் போனாலும் இதே காட்சிதான். பிள்ளை தூண் மேல் ஏறும், அப்பா ரீல்ஸ் எடுப்பார். காசு கட்ட வேண்டும் என்று வந்தால்தான் கண் திறக்கும்.

சட்டம்_பேசுவோம்
நம் நாட்டுச் சட்டநிலை என்ன என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர் தானாகவே பொறுப்பாளி ஆவதில்லை. பெற்றோர் தாங்களே கவனக்குறைவாக இருந்தார்கள் என்று காட்டினால்தான் அவர்களிடம் நஷ்டஈடு கேட்க முடியும். பிள்ளைக்குப் பதிலாக அல்ல, தங்கள் கவனக்குறைவுக்காக. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 20-ஆம் பிரிவு. பெற்றோரைச் சட்டம் நேரடியாகப் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ. பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

கந்தசாமி சார் சொன்ன ஷாங்காய் காட்சி நம் ஊர் நீதிமன்றத்துக்கு வந்தால் கவனக்குறைவை நிரூபிப்பது சுலபம். ஹாங்காங் அப்படி இல்லை. ஒரு ஐந்து வயதுப் பையன் கடைக்குள் நிற்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. "உடைத்தால் முழு விலை" என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டால் போதும் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அட்டை மட்டும் போதாது.

ஸ்டுட்கார்ட்_சிவா
இங்கே ஜெர்மனியில் கட்டுமானம் நடக்கிற இடமெல்லாம் "பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு" என்று பலகை தொங்கும். சட்டமோ வேறு சொல்கிறது. ஏழு வயது வரை பிள்ளைக்குப் பொறுப்பே கிடையாது. பெற்றோரும் கண்காணிக்கும் கடமையில் தவறியிருந்தால்தான் கொடுக்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தும் பிள்ளை பக்கத்து வீட்டுக் காரைக் கீறிவிட்டால், கார்க்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

சட்டப்படி கொடுக்க வேண்டாம் என்றாலும் அடுத்த நாள் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே! அதனால் இங்கே பலரும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுக்கிறார்கள். அதிலும் சிறு பிள்ளைகள் செய்யும் சேதத்தையும் சேர்க்கும் பாலிசியாகத் தேடி எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்திருக்கிறோம். பிரான்சில் இன்னும் கடுமை. பெற்றோர் பக்கம் தவறே இல்லாவிட்டாலும், பதினெட்டு நிறையாத பிள்ளை செய்த சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு. ஆனால் அங்கே வீட்டுக் காப்பீட்டிலேயே பெரும்பாலும் இதுவும் அடங்கிவிடும். இப்படிக் காப்பீடு இல்லாத ஊரில் பெற்றோரிடம் முழு விலை கேட்பது ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

எழும்பூர்_டீச்சர்
நான் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். நடராஜரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், பின்னால் சடை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். கை தானாக நீளும். நான் "கையைக் கட்டு" என்பேன், கட்டிக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் அவிழ்ந்துவிடும். அது திமிர் இல்லை, ஆசை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2018-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஓவர்லேண்ட் பார்க் நகரின் சமுதாயக்கூடத்துக்கு ஒரு கல்யாண விருந்துக்கு வந்த ஐந்து வயதுப் பையன் அங்கிருந்த சிலையைக் கட்டிப்பிடிக்க, அது சாய்ந்து விழுந்தது. கயிறு இல்லை, கண்ணாடி இல்லை. நகராட்சியின் காப்பீட்டு நிறுவனம் பெற்றோருக்கு 1,32,000 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது. பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுதான் காரணம். இப்படி ஒரு கடிதம் என் மாணவர் வீட்டுக்கு வந்தால்? கடிதம்கூட வேண்டாம், வரும் என்று பேச்சு அடிபட்டாலே போதும், அடுத்த வருடம் அனுமதிக் கடிதத்தில் ஒரு அம்மாவும் கையெழுத்துப் போட மாட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அருங்காட்சியகம் பார்ப்பார்கள். ஹெக்ட் அருங்காட்சியகம் அந்த ஜாடியைக் கண்ணாடி போடாமல் வைத்தது தெரிந்தே வைத்தது. தடுப்பில்லாமல் பழம்பொருளைப் பார்ப்பதில் தனி அழகு உண்டு என்பது அவர்கள் கொள்கை. அப்படி வைத்தவர்கள் உடைந்தபோது அதன் விலையையும் தாங்களே ஏற்றார்கள். அதுதான் நியாயம்.

கறார்_கந்தசாமி
டீச்சர், நாற்பது பிள்ளைகளை ஒரு ஆள் பார்ப்பது வேறு, ஒரு பிள்ளையோடு இரண்டு பெரியவர்கள் வருவது வேறு. உங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கண்ணாடிப் பெட்டியும் கயிறும் போட்டால்தான் பிள்ளை கையை வைக்காது என்றால், வீட்டில் என்ன சொல்லி வளர்த்தோம்? நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2025-ல் ஒரு குழந்தை, அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியத்தில் கீறல் போட்டுவிட்டது. பல கோடி யூரோ மதிப்புள்ள ஓவியம். வார்னிஷ் பூசாத பரப்பு. லேசாகப் பட்டாலே தடம் விழும். அங்கே "ஆசை" என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

இரண்டுவாலு_அம்மா
அத்தனை கோடி ஓவியத்தைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியது யார்? அதற்கு விலை போட்டுப் பெற்றோரிடம் நீட்டினால், ஏழு தலைமுறை உழைத்தாலும் கட்ட முடியாது. கட்டவே முடியாத தொகையைக் கேட்பது பொறுப்பைக் கற்றுக்கொடுக்காது, குழந்தையை வீட்டில் பூட்டத்தான் கற்றுக்கொடுக்கும். 2015-ல் தைபேயில் பன்னிரண்டு வயதுப் பையன் தடுக்கி விழுந்து, கையை ஊன்றியதில் ஓவியத்தில் ஓட்டை விழுந்தது. காப்பீடு இருக்கிறது, குடும்பத்திடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று கண்காட்சிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். தடுக்கி விழுவதற்கு எந்த வளர்ப்பைக் குறை சொல்வீர்கள்?

கொலு_செல்வி
எல்லாரும் அருங்காட்சியகத்தையும் கோடிகளையும் பற்றியே பேசுகிறீர்கள். அவர்களுக்குக் காப்பீடு இருக்கிறது, ஒட்டுவதற்கு நிபுணர் இருக்கிறார். நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஹெக்ட் அருங்காட்சியகத்தின் பெருந்தன்மை எங்கிருந்து வரும்? மழை வந்தால் தார்ப்பாய் போடவே இரண்டு கை போதவில்லை. டீச்சர், உங்கள் பிள்ளைகள் வந்தால் நானே கையில் எடுத்துக் காட்டுவேன், அது வேறு. உடைந்த பிறகு நகர்ந்து போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டுவாலு அம்மா சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை முன்வரிசையில் காகிதக்கூழ் பொம்மைகளை மட்டும் அடுக்குகிறேன். களிமண் செட் எல்லாம் பின்னால், இடுப்பு உயரப் பலகை மேல். என் பங்கை நான் செய்துவிட்டேன். அதற்கும் மேலே ஒரு பிள்ளை ஏறித் தள்ளினால் கேட்பேன், விடமாட்டேன்.

இரண்டுவாலு_அம்மா
கேளுங்கள் அக்கா. சரக்கு எடுத்த ரசீதைக் காட்டிக் கேளுங்கள். என் பிள்ளை தட்டியதை நானே பார்த்திருந்தால் அடக்க விலையைத் தருவேன், அன்று கையில் இல்லாவிட்டால் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போவேன். ஆனால் செட் முழுவதற்கும் கொடுத்தால் மீதி ஒன்பது பொம்மையும் என் வீட்டுக்கு வர வேண்டும்.

கொலு_செல்வி
தாராளமாக எடுத்துப் போங்கள். எனக்கு அந்த ஒன்பதால் ஒரு உபயோகமும் இல்லை.

கறார்_கந்தசாமி
பார்க்காமல் இருந்தால்? "என் பிள்ளை தட்டியதை நானே பார்த்திருந்தால்" என்கிறீர்கள். பார்க்காமல் இருந்ததுதானே முதல் தவறு? அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.