போனோபோவின் ‘மைக்ரேஷன்’: ஊரைத் தேடும் இசையா, ஊர் சுற்றும் இசையா?

நள்ளிரவு எஃப்எம்:
டான்ஸ் மியூசிக் என்றாலே குத்தாட்டம்தான் என்பவர்களுக்கு இந்த ஆல்பத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். 2017 ஜனவரியில் நிஞ்ஜா ட்யூன் என்கிற இசை நிறுவனத்தின் வெளியீடு. போனோபோ என்கிற சைமன் கிரீன் இங்கிலாந்துக்காரர், லாஸ் ஏஞ்சலஸில் குடியேறியவர். ஹாங்காங் விமான நிலைய லிஃப்ட், சியாட்டில் மழை, அட்லாண்டாவில் துணி உலர்த்தும் மெஷின் என்று போன இடத்துச் சத்தமெல்லாம் பீட்டுக்குள் கிடக்கிறது. எது என் ஊர் என்று பாட்டு வரியே இல்லாமல் கேட்கிறார் மனுஷன்.

கட்டைவண்டி:
லிஃப்ட் சத்தத்தைப் பதிவு பண்ணினால் ‘மைக்ரேஷன்’, அதாவது இடப்பெயர்வா? டிக்கெட்டும் விசாவும் கையில் இருப்பவருக்கு அது டூர், அவ்வளவுதான். ‘கேரளா’ டிராக்கையே எடுங்கள். செண்டை உண்டா? வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்ட கிடார் லூப், நடுவில் அமெரிக்கப் பாடகி பிராண்டியின் 1994 பாட்டிலிருந்து உருவிய குரல். பெயர்ப்பலகை மட்டும் கேரளா.

நள்ளிரவு எஃப்எம்:
செண்டை வைத்திருந்தால் ‘வேஷம் கட்டுகிறார்’ என்று நீங்களே திட்டியிருப்பீர்கள் :) அந்தக் குரலைக் கவனியுங்கள், ஒரு முழு வரி கிடைக்காது. பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் தாண்டி வருகிற மாதிரி, பிடிபடாமலே போகும். எனக்கு அதுதான் விஷயம்.

தாளக்காரி:
இரண்டு பேரும் ‘பாம்ப்ரோ கோயோ காண்டா’வை விட்டுவிட்டீர்களே! பாடுவது நியூயார்க்கில் இருக்கும் மொராக்கோக் குழு, இன்னோவ் க்னாவா. க்னாவா என்பது, சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாக மொராக்கோவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சடங்கு இசை. இந்த ஆல்பத்தின் தலைப்புக்கு எடை சேர்வது அங்கேதான்.

கட்டைவண்டி:
அதைத்தானே சொல்கிறேன்? வலி இரவல். அடியில் கிக் டிரம்மை ஓடவிட்டு கிளப்புக்குத் தயார் பண்ணிவிட்டார். கிராமி பரிந்துரை வரை போனதும் அந்த டிராக்தான்.

தாளக்காரி:
க்னாவாவே விடிய விடிய அடித்து ஆளை மயக்க நிலைக்குக் கொண்டுபோகிற தாளம்தான். கிக் சேர்ந்ததால் தீட்டுப்படாது. அதோடு, குழுவின் பெயர் டிராக்கிலேயே இருக்கிறது. நறுக்கிப் போட்ட பிராண்டி குரலையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கட்டைவண்டி:
சரி, அந்த ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதி பதினொன்றில் எனக்கு நல்ல ஓட்டல் அறைதான் கேட்கிறது.

நள்ளிரவு எஃப்எம்:
ஓட்டல் அறையில் தூக்கம் வராமல் புரள்பவனுக்கு ஊர் ஞாபகம் வரக்கூடாதா? கடைசி டிராக் ‘ஃபிகர்ஸ்’ஸை ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.