நேட்டாலுக்குக் கூலியாகப் போன முன்னோர்: எண் கிடைத்திருக்கிறது, ஊரை உறுதி செய்வது எப்படி?

போளூர்க்காரன்:

தென்னாப்பிரிக்காவில், பழைய நேட்டால் காலனியின் டர்பனில் இருக்கும் ஒரு குடும்பம் எங்கள் பங்காளி வகையறாவாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். அவர்கள் முன்னோர் முனுசாமி, தகப்பன் பெயர் பெருமாள், சென்னையில் கப்பலேறியவர். அவர்கள் வீட்டில் ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த பழைய டிஸ்சார்ஜ் சான்று ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து இலக்க எண் தெரிகிறது. கடைசி இலக்கம் மட்டும் மை கலைந்து 3ஆ 8ஆ என்று புரியவில்லை. ஊர் "போளூர் பக்கம்" என்பது வாய்வழிச் செய்தி, அவ்வளவுதான். எங்கள் பக்கமும் பூட்டன் தலைமுறையில் ஒருவர் "கப்பலுக்குப் போனார்" என்று பேச்சு உண்டு. பெயர் யாருக்கும் நினைவில்லை.

இன்னொரு சிக்கல்: டர்பனில் ஒரு கிளைக்குக் குடும்பப் பெயர் கோவெண்டர், இன்னொரு கிளைக்குப் பெருமாள். ஒரே தகப்பன் பிள்ளைகள் என்கிறார்கள். இது எப்படி?

அந்த எண்ணை வைத்து எங்கே தேடுவது? இங்கே கிராமத்தில் என்ன ஆவணம் பார்க்கலாம்? டி.என்.ஏ. சோதனைக்குச் செலவு செய்யலாமா?

ஆவணப்புழு:

எண் கையில் இருப்பதால் பெயரைத் தேடி அலைய வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்ததில் தொடங்கி, 1911இல் ஆள் அனுப்புவது நின்ற வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று உண்டு. சென்னைக் கப்பல், கல்கத்தாக் கப்பல் எல்லாம் ஒரே வரிசைதான். முனுசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான்.

எண்ணே காலத்தைச் சொல்லிவிடும். சுமார் 6,400 வரை 1860–66 கப்பல்கள். பிறகு 1874 வரை ஆள் எடுப்பு நின்றிருந்தது. ஆறு இலக்கம் என்றால் 1900களில் வந்தவர். உங்களுடையது ஐந்து இலக்கம் என்பதால் 1874க்குப் பிந்தையது.

கப்பல் பட்டியல்களின் மூலப் பிரதி டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. வரிசையில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தானா, கிராமம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். சென்னை ஆட்களுக்குத் தானா என்ற கட்டத்தில் தாலுகாவை எழுதியிருப்பார்கள்.

கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். இரண்டு எண்ணின் வரிசையையும் எடுங்கள். தகப்பன் பெயர் பெருமாள் என்று எதில் வருகிறதோ அதுதான். இரண்டிலும் பொருந்தவில்லை என்றால் நடு இலக்கங்களில் 1, 7 குழப்பம் இருக்கிறதா பாருங்கள். சான்றில் இருக்கும் முதலாளி பெயரும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போனால் கூடுதல் உறுதி. ஒத்துப்போகாவிட்டால் உடனே தள்ளிவிடாதீர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து வேறு தோட்டத்துக்கு மறு ஒப்பந்தம் போட்டவர்கள் ஏராளம். 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குபவர் மேல் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டது. அதைக் கட்ட முடியாமல் மறுபடி கையெழுத்திட்டவர்கள் பலர். அந்த வரி 1914இல்தான் ஒழிந்தது.

வரிசை கிடைத்ததும் அதோடு நிறுத்தாமல், மேலே இருபது, கீழே இருபது வரிசை படியுங்கள். மனைவி, பிள்ளை, தம்பி, ஒரே ஊர்க்காரர் எல்லாம் அடுத்தடுத்த எண்ணில் வருவது வழக்கம். உங்கள் ஆளின் கிராமப் பெயர் கிறுக்கலாக இருந்தாலும் அதே ஊரிலிருந்து வந்த இன்னொருவர் வரிசையில் தெளிவாக இருக்கும். எச்சரிக்கை ஒன்று: கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் சேர்ந்து கணவன் மனைவியாகப் பதிந்தவர்களும் உண்டு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விதி இருந்ததால் அதற்கு ஊக்கமும் இருந்தது. அதனால் அந்தப் பெண்ணின் ஊர் வேறாக இருக்கலாம்.

அடுத்தது இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் என்ற இணையத் தேடுபட்டியலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் குறியீடு என்.ஏ.பி. அதைத் தேர்ந்தெடுத்து, பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். விவரக் குறிப்பிலேயே "இந்தியன் நம்பர் இன்னது" என்று எழுதியிருக்கும் கோப்புகள் நிறைய. மூலம் என்ற இடத்தில் ஐ.ஐ. என்று வந்தால் அது பாதுகாவலர் கோப்பு. சம்பளப் பாக்கி, முதலாளி மேல் புகார், கல்யாணப் பதிவு, ஊருக்குப் பணம் அனுப்பியது என எது வேண்டுமானாலும் இருக்கலாம். பணம் அனுப்பிய கோப்பு கிடைத்தால் யோகம், ஏனென்றால் அதில் இந்திய முகவரி இருக்கும். இது அட்டவணை மட்டும்தான், கோப்பைக் காப்பக வாசிப்பறையில் கேட்டு வாங்க வேண்டும். தொகுதி எண், கோப்பு எண் இரண்டையும் அப்படியே குறித்துக் கொடுங்கள்.

பெயரை வைத்துத்தான் தேட வேண்டும் என்ற நிலை வந்தால், எம் எழுத்துக்குப் பின் ஒற்றை யூ, இரட்டை ஓ இரண்டும் போட்டுப் பாருங்கள். சாமியில் டபிள்யூ உண்டா இல்லையா என்பதும் குமாஸ்தா மனம் போல.

ஃபீனிக்ஸ் வாசி:

குடும்பப் பெயர் கேள்விக்கு. அது இங்கே டர்பனில் சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போதோ பிறப்பைப் பதியும்போதோ ஒரு பிள்ளைக்குச் சாதிப் பட்டத்தையும் இன்னொரு பிள்ளைக்குத் தகப்பன் அல்லது பாட்டன் பெயரையும் எழுதிவிடுவார்கள். கோவெண்டர் என்பது கவுண்டர்தான், மூட்லி என்பது முதலியார். பாட்டன் பெயர் பெருமாள் என்பதால் ஒரு கிளை அதையே குடும்பப் பெயராக வைத்திருக்கிறது.

இரண்டு கிளையும் ஒன்றுதான் என்று நிரூபிக்க மூன்று காகிதம் தேடுங்கள். முதலில் பிறப்புப் பதிவு. உள்துறை அலுவலகத்தில் கணினியில் அச்சிட்ட சுருக்கப் பிரதியைக் கேட்காதீர்கள், அதில் பெற்றோர் விவரம் இருக்காது. கையால் எழுதிய பழைய பதிவின் நகல், "வால்ட் காப்பி" என்று கேளுங்கள். பழைய பதிவில் பெற்றோரின் காலனி எண்ணையும் எழுதியிருப்பார்கள். காலனியிலேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தனிக் கப்பல் எண் கிடையாது, பெற்றோர் எண்தான் பிடி.

இரண்டாவது சொத்துக் கோப்பு. நேட்டாலில் இறந்தவர்களின் எஸ்டேட் கோப்புகளைத் தேடுபட்டியலில் எம்.எஸ்.சி.இ. என்ற மூலத்தில் பார்க்கலாம். நேட்டால் எஸ்டேட் கோப்புகள் ஃபேமிலி சர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் உண்டு. கணக்கு இலவசம், ஆனால் சில படங்கள் அவர்களுடைய மையத்தில் உட்கார்ந்தால்தான் திறக்கும். கோப்பின் முதல் தாளான இறப்பு அறிவிப்பில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், துணைவர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அதில் "மணமாகாதவர்" என்று இருந்து கீழே ஆறு பிள்ளைகள் பெயர் இருந்தால் திகைக்காதீர்கள். பதியாமல் இந்து முறைப்படி மட்டும் நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. அதனால் குமாஸ்தா அப்படி எழுதியிருப்பார். தகவல் கொடுத்தவர் யார் என்று கையெழுத்தைப் பாருங்கள். மகன் கொடுத்ததற்கும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததற்கும் ஒரே மதிப்பு இல்லை.

மூன்றாவது கல்யாணப் பதிவு, அது மேலே சொன்ன ஐ.ஐ. கோப்புகளில்.

தாலுகா கச்சேரி:

இந்தப் பக்கத்து வேலைக்கு வருகிறேன். பட்டியலில் இருக்கும் ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் ஏமாந்து போவீர்கள். அன்றைய வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது சித்தூர், பலமனேர், சந்திரகிரி எல்லாம் அங்கே போயின. திருத்தணி 1960இல்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆற்காட்டில் இருந்தது. போளூர் வட ஆற்காடு. எனவே உங்கள் ஆளின் வரிசையில் "தென் ஆற்காடு, ட்ரினோமலை" என்று வந்தால் அது பிழையில்லை. போளூரிலிருந்து பார்த்தால் அடுத்த தாலுகாதான், "போளூர் பக்கம்" என்ற பேச்சோடு பொருந்தும். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி.

முதலில் தாலுகாவை உறுதி செய்துகொண்டு, பிறகு அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலில் மட்டும் ஒலி ஒத்த பெயர்களைத் தேடுங்கள். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அச்சிட்ட பட்டியல்கள் உண்டு. குக்கிராமம் பட்டியலில் வராது, வருவாய்க் கிராமம்தான் வரும். அதனால் சேரி, காலனி, கொட்டாய், புதூர் என்ற வால்களைத் தாய்க் கிராமத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலப் பதிவேட்டில் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். யு.டி.ஆர். என்பது 1980களின் கணக்கு, உங்களுக்குப் பயனில்லை. அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர்., செட்டில்மென்ட் பதிவேடு என்று கேளுங்கள். பெருமாள் பெயரில் பட்டா இருந்தால்தான் அதில் வருவார். கூலிக்குப் போனவர்களில் நிலமில்லாதவர்கள் அதிகம். ஆரணி ஜாகீர் மாதிரி இடங்களில் இனாம், ஜமீன் ஒழிப்புக்கு முந்தைய ரயத்துவாரிக் கணக்கே (அரசு நேராக விவசாயி பெயரில் வைத்த கணக்கு) இருக்காது.

அதைவிடக் குலதெய்வம் பலமான சாட்சி. டர்பன் வீட்டில் முதல் மொட்டை, காது குத்து எந்தச் சாமி பெயரால் செய்கிறார்கள், பொங்கல் படையலில் என்ன வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் இருக்கும் சாதிப் பெயரைச் சொல்லி ஊரில் விசாரிக்காதீர்கள். அது டிப்போ குமாஸ்தா எழுதியது, பாதி தப்பு, பாதி இன்று வசையாகக் கேட்கும்.

போளூர்க்காரன்:

நன்றி சார், எல்லோருக்கும். குலதெய்வம் பற்றிக் கேட்டு எழுதச் சொல்கிறேன். டி.என்.ஏ. பற்றி யாராவது?

ஆவணப்புழு:

எச்சில் மாதிரியில் எடுக்கும் சாதாரண ஆட்டோசோமல் சோதனை (தாய், தகப்பன் இரு வழியையும் பார்ப்பது) நம்மவர்களுக்குக் குழப்பம்தான் தரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியதில் பொது சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ.வின் அளவு) கூடிக் காட்டும். மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரர் என்று தளம் சொன்னால் உண்மையில் அதைவிட வெகு தூரமாக இருக்கலாம். 20 சென்டிமார்கனுக்குக் குறைந்த பொருத்தங்களை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் கேள்வி பங்காளி உறவு என்பதால் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய்-டி.என்.ஏ. சோதனைதான் பொருத்தமானது. தகப்பன் வழி ஆண் வாரிசு அங்கே ஒருவர், இங்கே ஒருவர். பொருந்தவில்லை என்றால் பங்காளி இல்லை, அல்லது நடுவில் தத்து போன்ற ஏதோ இருக்கிறது. பொருந்தினால் "இருக்கலாம்" என்றுதான் அர்த்தம். ஒரே ஊரில் ஒரே வகையறா பல குடும்பம் இருக்குமே. கப்பல் வரிசையில் ஊர் உறுதியான பிறகு செலவு செய்யுங்கள்.

கண்டுபிடித்ததைப் பகிரும்போது மூலத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலை மாற்றாமல் எழுதி, உங்கள் வாசிப்பைத் தனியாகப் போடுங்கள். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் தொகுதி எண், பக்கம் இருக்கட்டும். குடும்ப மரத்தை ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக அனுப்பும் முன் உயிரோடு இருப்பவர்களை நீக்குங்கள். ஊகித்த இணைப்புக்கு "ஊகம்" என்று குறிப்பு இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அது பத்து மரங்களில் உண்மையாகிவிடும்.

ஃபீனிக்ஸ் வாசி:

ஒன்று விட்டுப்போனது. உங்கள் பக்கம் "கப்பலுக்குப் போனவர்" நேட்டாலுக்குத்தான் போனார் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். அதே தாலுகாக்களிலிருந்து மொரீஷியஸுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903இலிருந்துதான், 1916இல் நின்றது. நேட்டாலுக்கு 1911க்குப் பிறகு யாரும் ஒப்பந்தத்தில் வரவில்லை. அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகள் எந்த வருடத்தில் பிறந்தார்கள் என்று வரிசைப்படுத்தினால் அவர் கிளம்பிய பத்தாண்டு தெரிந்துவிடும். டர்பன் எண் காட்டும் வருடத்தோடு அது ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள்.