சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் முகமூடித் திருவிழாவான பஸ்நாக்ட்: உங்கள் மனத்தை விட்டு அகலாத கணம் எது?

ரைன்கரையான்:
கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்களன்று, பஸ்நாக்ட் தொடங்கும்போது, அதிகாலை நான்கு மணிக்கு நகரின் விளக்குகள் ஒருசேர அணைவதை நீங்கள் அறிவீர்கள். என்னை இன்னும் விடாமல் தொடர்வது அதற்குப் பிறகு நடந்தது. ஸ்பாலன்பெர்க் ஏற்றத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். பறையும் குழலும் வாசிக்கும் குழுக்களில் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து இன்னொன்றும், தலையில் சிறு விளக்குகள் எரிய, வெவ்வேறு நடையை (அணிவகுப்பு இசையை) வாசித்தபடி எதிரெதிரே வந்து, ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்தன. எவரும் தாளம் பிசகவில்லை. ஒரு பறைவாசிப்பாளர் என்னை உரசிக்கொண்டு சென்றபோது, முகமூடிக்குள் அவர் மெல்லிய குரலில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

வின்டர்தூர் வாசகி:
அண்ணா, நீங்கள் சொன்னது அழகு. ஆனால் திங்களோடு ஊர் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பின், வியாழன் அதிகாலை நான்கு மணிக்கு எல்லாம் நின்றுவிடும். கடைசி நடை முடிந்ததும் என் அருகில் நின்ற இளம்பெண் முகமூடியைக் கழற்றினாள். கன்னங்கள் முழுவதும் கண்ணீர். பிக்கோலோ என்னும் சிறுகுழலைத் துணியில் சுற்றும்போது அவள் விரல்கள் நடுங்கின. அதற்குள் துப்புரவு வண்டிகள் தெருவுக்குள் வந்துவிட்டன.

சிறுபாசல் தம்பி:
எனக்கு 2020தான். கொரோனா பரவலால் ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அரசு பெப்ரவரி 28இல் தடை விதித்தது. பஸ்நாக்ட் தொடங்க இருந்ததோ மார்ச் 2இல். அன்று அதிகாலை எங்கள் எதிர்வீட்டு முதியவர் சன்னலைத் திறந்து ஒரேயொரு நடையைக் குழலில் வாசித்துவிட்டு மூடிக்கொண்டார். அதற்கு முன் அவர் வாசிப்பார் என்பதே எனக்குத் தெரியாது.

பழைய பாசல்காரர்:
ஊர்வலத்தில் வாகிஸ் என்னும் கேலி வேடமிட்ட ஒருவர், அந்தப் பெரிய மூக்கும் மரக்காலணியுமாக வண்டியிலிருந்து குனிந்து என் மகளுக்கு மிமோசாப் பூங்கொத்தை நீட்டினார்; அவள் கையை நீட்டியதும் தலைவழியே ஒரு கோணி ரெப்லியை, அதாவது வண்ணக் காகிதத் துணுக்குகளை, கொட்டினார். அவள் அழவில்லை, இன்னும் வேண்டும் என்றாள்.

முதன்முறை வருகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிளகெட்டெ என்னும் விழா வில்லையை வாங்கி மார்பில் தெரியும்படி குத்திக்கொள்ளுங்கள். அந்தப் பணம் குழுக்களின் செலவுக்குத்தான் செல்கிறது, வில்லை இல்லாதவர் மீதுதான் காகிதத் துணுக்கு அதிகமாக விழும். தரையில் கிடக்கும் துணுக்குகளை அள்ளி எவர் மீதும் வீசாதீர்கள்; நிறங்கள் கலந்திருந்தால் அது குப்பையிலிருந்து எடுத்தது என்று அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள், பையில் ஒரே நிறமாக விற்பதும் அதனால்தான். பார்வையாளர்கள் வேடமிட்டு வருவதை இவ்வூரார் விரும்புவதில்லை. இருட்டில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது மிகவும் தவறு. குளிருக்கு மாவு சூப்பும், வெங்காயம் பரப்பிச் சுட்ட வேயை என்னும் பண்டமும் சாப்பிடுங்கள். சிறு குழந்தைகளை அதிகாலை இருட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வின்டர்தூர் வாசகி:
ஐயா, மற்றவை அனைத்தையும் ஏற்கிறேன். கடைசி அறிவுரையை மட்டும் ஏற்க முடியவில்லை. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த மரபு வாழ்வது, குழந்தைகள் சிறுவயதிலேயே பறையும் குழலும் கற்பதால்தான். அவர்களை வீட்டில் உறங்க வைத்துவிட்டு மரபைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்? நெரிசலுக்கு அஞ்சுவோர் செவ்வாய் மாலை பெரிய தேவாலயத்தின் முன்னுள்ள மூன்ஸ்டர் சதுக்கத்துக்குக் குழந்தைகளை அழைத்து வரட்டும். துணியில் வரைந்த ஆளுயரத்தைத் தாண்டிய விளக்குகள் அங்கே வரிசையாக நிற்கும். தூரிகைத் தடம் தெரியும் அளவுக்கு நெருங்கிப் பார்க்கலாம். அவற்றிலுள்ள கேலி வரிகள் பாசல் வட்டார மொழியில் இருப்பதால் எனக்கு முழுவதும் விளங்குவதில்லை, ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் அந்த ஆண்டின் அரசியல் முழுவதையும் விளக்கிவிட்டுத்தான் விடுவார்.