கிரேன் வருதுன்னு சைக்கிளை நகர்த்தினவன்

குழு: தெற்குத்தெரு குடும்பம்

கார்த்தி: நேத்து ராட்டர்டாம்ல ஒரு கூத்து. வீட்டு வாசல்ல டச்சுல நோட்டீஸ். எனக்குப் புரிஞ்சது ரெண்டே சொல்லு: 'புதன்', 'க்ரான்'. கிரேன் வருது போலன்னு சைக்கிளை அடுத்த தெருவுல பூட்டிட்டு வந்தேன்

கார்த்தி: வந்தது ஒரே ஒரு ஆளு, கையில ஸ்பேனர். கிச்சன் குழாய மாத்திட்டுப் போயிட்டாரு

மீனா: 😂😂

அத்தை: குழாய்க்கும் கிரேனுக்கும் ஒரே பேராடா?

கார்த்தி: ஆமா அத்தை. முதல்ல அது கொக்கோட பேரு. இப்ப குழம்பக்கூடாதுன்னு பறவைய மட்டும் 'க்ரான்வோகல்'ங்கறாங்க, கிரேன் பறவைன்னு

பெரியப்பா: ஏலே, தூத்துக்குடி ஹார்பர்ல 26 வருசம் கிரேன் ஓட்டினவன் நான். அது கொக்குன்னு எவனும் சொல்லலையே

மீனா: இங்கிலீஷ்லயும் கொக்குதான் பெரியப்பா. பிரெஞ்சுல 'க்ரூ', போலிஷ்ல 'ஷுராவ்', பறவைக்கும் மெஷினுக்கும் ஒரே சொல்லு. பழைய கிரேக்கத்துலயே 'கெரானோஸ்'னு ரெண்டையும் சொல்லிருக்காங்க

அத்தை: ஒருத்தன பாத்து ஒருத்தன் காப்பியடிச்சிருப்பான்

மீனா: இருக்கலாம். ஆனா ஹங்கேரியன் இந்த மொழிகளோட சேராத குடும்பம். அங்கயும் 'தாரு'ன்னா கொக்கு, 'தாரு'ன்னா கிரேன். சொல்லு வேற, ஜாடை ஒண்ணு

பெரியப்பா: ஜாடைன்னா சரிதான். பூம்ங்கற கிரேன் கைய நீட்டி ஹூக்க இறக்கும்போது கீழ நின்னு பாரு. மீனுக்குக் குனியுற கொக்கேதான்

கார்த்தி: போலந்துல க்டான்ஸ்க்னு துறைமுகம். அங்க ஆத்தங்கரையில மரக் கிரேன் ஒண்ணு இருக்கு, பேரே ஷுராவ். 1440கள்ல கட்டினது, 1945ல எரிஞ்சுபோய் திரும்பக் கட்டினாங்க. உள்ள பெரிய பெரிய சக்கரம். சக்கரத்துக்குள்ள ஆளுங்க நடப்பாங்க, கயிறு ஏறும். சரக்கு தூக்க மட்டுமில்ல, கப்பல்ல பாய்மரம் நிறுத்தவும் அதுதான்

பெரியப்பா: எவ்வளவு தூக்கும்?

கார்த்தி: 4 டன்ன 11 மீட்டருக்கு

பெரியப்பா: மனுசன் காலாலயா! அந்தக் கூலிக்காரங்களுக்கு ஒரு கும்பிடு

சித்தப்பா: குழாய் எப்படி கொக்காச்சு? அத சொல்லு

கார்த்தி: கழுத்து வளைஞ்சிருக்குல்ல சித்தப்பா. ஸ்வீடன்லயும் குழாய், கிரேன் ரெண்டும் 'க்ரான்'. ரஷ்யாவுலயும் அப்படித்தான், டச்சுல இருந்து போன சொல்லு. அங்க கொக்குக்கு 'ஷுராவ்ல்'னு தனிப் பேரு. கிராமத்துக் கிணத்துல நீளக் கம்பு கட்டி தண்ணி இறைப்பாங்களே, அதுக்கும் ஷுராவ்ல்தான்

அத்தை: நம்ம ஏத்தம்! தாத்தா தோட்டத்துல இருந்துச்சே

மீனா: ஜெர்மன்ல குழாய் 'ஹான்', அதாவது சேவல். பிரெஞ்சுல 'ரொபினே'. 'ரொபேன்'னு அந்தக் காலத்துல செம்மறியாட்டுக்குச் செல்லப்பேரு. குழாய் வாயில ஆட்டுத்தலை செதுக்குவாங்களாம்

அத்தை: கொக்கு, சேவல், ஆடு. சமையக்கட்டா கறிக்கடையா

பெரியப்பா: அப்ப நம்ம கொக்கியும் கொக்குல இருந்து வந்ததுதான்

மீனா: கேக்க அப்படித்தான் இருக்கு. காதுக்கு ஒண்ணா கேட்டா போதாது பெரியப்பா, அகராதி பாக்கணும்

பெரியப்பா: நீ அகராதிய பாரு. நான் 26 வருசம் கொக்கியவே பாத்தவன்

அத்தை: கார்த்தி, சைக்கிள எடுத்துட்டு வந்தியா?

கார்த்தி: ஐயோ