ஒரு மதிப்பு இல்லையென்றால் முழு விடையும் ஏன் வீணாகிறது?

கேள்வி (பாலக்கோடு):
தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு ஆகிய ஊர்களில் உள்ள எங்கள் வலைப்பின்னல் சுவிட்சுகளை எஸ்.என்.எம்.பி. (வலைப்பின்னல் சாதனங்களைக் கண்காணிக்கவும் அமைக்கவும் உதவும் நெறிமுறை) வழியாகக் கண்காணிக்கிறோம். ஒரே கெட் (மதிப்புகளைப் படிக்கும்) கோரிக்கையில் பத்து மதிப்புகளைக் கேட்கும்போது, பழைய சுவிட்ச் ஒன்றில் ஒரு மதிப்பு இல்லாத காரணத்தால் மற்ற ஒன்பதும் கிடைப்பதில்லை. இது பழுதா, வடிவமைப்பா?

மறுமொழி (ஓசூர்):
வடிவமைப்புதான். எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பின் விதிப்படி, கேட்டவற்றுள் ஒன்று இல்லையென்றாலும் சாதனம் 'நோ சச் நேம்' என்ற பிழையையும், எத்தனையாவது மதிப்பில் சிக்கல் என்று காட்டும் எண்ணையும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி கேட்பது நம் மென்பொருளின் தலைவலி. இரண்டாம் பதிப்பிலோ, இல்லாத மதிப்பின் இடத்தில் மட்டும் 'நோ சச் ஆப்ஜெக்ட்' அல்லது 'நோ சச் இன்ஸ்டன்ஸ்' என்ற குறிப்பு வரும். மற்றவை வழக்கம்போல் வந்து சேரும்.

மறுமொழி (கிருஷ்ணகிரி):
படிப்பதற்கு அது சரி. ஆனால் செட் (மதிப்புகளை மாற்றும்) கோரிக்கையில் எல்லாம் நிறைவேற வேண்டும், அல்லது எதுவுமே மாறக் கூடாது. இல்லையேல் சுவிட்ச் அரைகுறை அமைப்போடு நின்றுவிடும். இரண்டாம் பதிப்பின் பிழைகளுள் நான் மிகவும் அஞ்சுவது 'அன்டூ ஃபெயில்டு': செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறவும் முடியவில்லை என்பது அதன் பொருள்.

கேட்டவர்:
அந்தச் சுவிட்ச் இரண்டாம் பதிப்பையும் ஏற்கிறது. எங்கள் மென்பொருளில்தான் முதல் பதிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மாற்றியபின் ஒன்பது மதிப்புகளும் வருகின்றன.