அயர்லாந்து உழவுப் போட்டி: கூட்டம் எந்திரத்துக்கா?

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

"டிராக்டர் பார்க்கவா லீவு போட்டாய்?" என்று கேலி செய்தவர்களுக்காக இந்த மடல். செப்டம்பரில் மூன்று நாள் நடக்கும் அயர்லாந்து தேசிய உழவுப் போட்டிக்கு 2019-இல் ஏறக்குறைய 2,97,000 பேர் வந்தார்கள். நாட்டின் மொத்த ஜனமே அப்போது 50 லட்சத்துக்குள்தான்.

எல்லாம் ஒரு வாய்ச்சண்டையில் ஆரம்பித்தது. எந்த வட்டாரத்து உழவன் கெட்டிக்காரன் என்று வெக்ஸ்போர்டுக்காரர் டெனிஸ் ஆலனுக்கும் கில்டேர்க்காரர் ஜே. ஜே. பெர்கினுக்கும் தகராறு. 1931 பிப்ரவரியில் கில்டேரில் ஒரு வயலில் குதிரை பூட்டி உழுது பார்த்துவிட்டார்கள். அந்த முதல் போட்டிக்கே ஒன்பது கவுண்டிகளிலிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆட்கள் வந்து நின்றார்கள்.

இன்று எந்திரக் கடைகள்தான் பெரும்பகுதி. ஈர வயலில் இரும்புத் தகடு போட்ட பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரச் சக்கரங்கள். வைக்கோலைக் கட்டாகக் கட்டும் ஒரு பேலர் எந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். நாலு பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தபடி வெகுநேரம் பேசினார்கள். கிட்டே போய்க் காது கொடுத்தால், ஒருவருடைய முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு! இன்னொருவர் கேட்டுக்கொண்டே வெல்டிங் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வாங்குகிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. முன்பெல்லாம் கதிரடிக்க அக்கம்பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் சேரவேண்டும். இப்போது ஒற்றை ஆள் கேபினுக்குள் உட்கார்ந்து முடித்துவிடுகிறான். நாள் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. ஆளைப் பிரித்த அதே எந்திரத்தைச் சாக்கு வைத்துத்தான் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத மனுஷர்கள் இங்கே கூடாரத்தில் வரிசையில் நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்கள். அரசியல்வாதிகளும் தவறாமல் வந்து கைகுலுக்குவார்கள், அது எங்கேயும் உள்ளதுதானே.

சரி, உழவு? அது கடைகளைத் தாண்டி, சத்தமில்லாமல் நடக்கிறது. குதிரை ஏர், டிராக்டர், கையால் கிளறும் நீள மண்வெட்டி என்று தனித்தனிப் பிரிவுகள். நடுவர் குனிந்து ஒவ்வொரு சாலாகப் பார்க்கிறார். சால் கோணினால் மதிப்பெண் குறையும், புரட்டிய மண்ணுக்கு வெளியே புல் தலைகாட்டினாலும் குறையும். ஒரு குதிரைக்காரர் முதல் சால் போடுவதற்குள் மூன்று தடவை நின்று தூரத்துக் குச்சியைக் கண்ணால் அளந்தார். வந்த கூட்டத்தில் பாதிப்பேர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கென்னவோ அந்த ஓரம்தான் பிடித்தது.

லண்டன் தம்பிமார் அடுத்த முறை வருவதானால் கோடையிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் பக்கத்தில் அறை கிடைப்பது கஷ்டம். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். அப்புறம், காரை நிறுத்திய வயலின் அடையாளப் பலகையை மறக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எல்லா வயலும் ஒரே மாதிரி இருக்கும்.